தொப்பி ஊசியை வைத்தே காரை ரிப்பேர் செய்த பெண்... யார் இந்த பெர்த்தா பென்ஸ்?

புதுசா ஒரு கார் வாங்கலாம்னு வீட்டில் பேச்சு எடுத்தாலே போதும். மைலேஜ் எவ்வளவு? தூரப் பயணம் தாங்குமா? மேட்டுல நாலு பேரோட ஏறுமா? வழியில நின்னுட்டா யார் பார்ப்பா? சுற்றி இருப்பவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவார்கள்.

இந்தக் கேள்விகள் எதுவும் புதுசு இல்லை. 1880-களில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில், பெட்ரோலிய எரிபொருளில் ஓடும் ஒரு மூன்று சக்கர வண்டியைப் பார்த்தவர்கள் மனதிலும் இதே சந்தேகங்கள்தான் ஓடின. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கண்டுபிடிப்பாளர் கார்ல் பென்ஸ், வண்டியை இன்னும் கொஞ்சம் சரிசெய்தால் போதும், இன்னும் கொஞ்சம் சரிசெய்தால் போதும் என்று பட்டறைக்குள்ளேயே இருந்தார். பதில் சொன்னது அவருடைய மனைவி பெர்த்தா. அதுவும் வாயால் சொல்லவில்லை. கணவரிடம் சொல்லாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார்.

உலகின் முதல் நெடுந்தூர கார் பயணம் என்று வரலாறு குறித்து வைத்திருப்பது அதைத்தான். ஆனால் பெர்த்தாவின் கதை அந்த ஒரு நாளோடு முடிவதும் இல்லை, அந்த நாளில் தொடங்குவதும் இல்லை. விரிவாகப் பார்க்கலாம்.

பெண்ணாகப் பிறந்ததே வருத்தமா?

1849-ம் ஆண்டு மே 3-ம் தேதி, ஜெர்மனியின் பாடன் பகுதியில் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர் பெர்த்தா ரிங்கர். அப்பா தச்சுத் தொழிலில் தொடங்கி, கட்டட வேலைகளில் நன்றாகச் சம்பாதித்தவர். காசுக்குக் குறையில்லாத வீடு. ஆனால் இவர் பிறந்தபோது, மறுபடியும் பெண்ணா என்ற வருத்தத்தைக் குடும்ப பைபிளில் அப்பா எழுதி வைத்திருந்ததாகவும், சிறுமியாக இருந்தபோது அதைப் பெர்த்தாவே படிக்க நேர்ந்ததாகவும் சொல்லப்படுகிறது.

படிப்பில் கெட்டிக்காரர். இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வதில் ஆர்வம் அதிகம். ஆனால் அன்றைக்கு பாடனில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அது முறையாகத் திறந்தது 1900-ல். அப்போது பெர்த்தாவுக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது.

1869-ல் மவுல்ப்ரோன் மடாலயத்துக்கு ஒரு உல்லாசப் பயணம் போனபோதுதான் கார்ல் பென்ஸை அவர் சந்தித்தார். கார்லின் அப்பா ரயில் இன்ஜின் ஓட்டுநர். மகனுக்கு இரண்டு வயதாகும்போதே இறந்துவிட்டார். அம்மா கஷ்டப்பட்டு வளர்த்து, கார்ல்ஸ்ரூஹே பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார். பெர்த்தாவைச் சந்தித்த காலத்தில் கார்லிடம் இருந்தது பட்டப்படிப்பும் ஒரு கனவும் மட்டும்தான். குதிரை இல்லாமல் தானாக ஓடும் வண்டி! கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும் கனவு. பெர்த்தாவுக்கு வரவில்லை.

வரதட்சணையை முதலீடாக்கியவர்

1871-ல் ஆகஸ்ட் ரிட்டர் என்பவரோடு கூட்டு சேர்ந்து மன்ஹைமில் ஒரு பட்டறை தொடங்கினார் கார்ல். ஆரம்பத்திலேயே கூட்டாளியோடு சரிப்பட்டு வரவில்லை. அவருடைய பங்கை விலைக்கு வாங்கி வெளியே அனுப்பினால்தான் பட்டறை பிழைக்கும். ஆனால் கையில காசு வேணுமே?

அங்கேதான் பெர்த்தா உள்ளே வருகிறார். கல்யாணத்துக்காக வீட்டில் தனக்கென ஒதுக்கி வைத்திருந்த வரதட்சணைப் பணத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கினார். அந்தப் பணத்தில்தான் ரிட்டரின் பங்கு வாங்கப்பட்டது. இன்றைய ஸ்டார்ட்அப் மொழியில் சொன்னால், கார் என்ற ஐடியாவுக்குப் பணம் போட்ட முதல் ஆள் பெர்த்தா.

1872 ஜூலை 20-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்றோடு சட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணமான பெண் தன் பெயரில் தொழில் முதலீடு செய்யவோ, கணவரின் கண்டுபிடிப்பில் உரிமை கோரவோ அன்றைய சட்டத்தில் இடமில்லை. பிறகு வந்த காப்புரிமையில் கார்லின் பெயர் மட்டும் இருப்பதற்கு இதுதான் பின்னணி. அந்த வண்டிக்குப் பெர்த்தாவின் பணமும் கைவேலையும் போயிருக்கின்றன. காகிதத்தில் அது எங்கும் இல்லை.

அடுத்த சில வருஷங்கள் படு மோசம். 1873-ல் ஐரோப்பா முழுக்கப் பொருளாதாரச் சரிவு. கட்டட வேலைகள் நின்றுபோக, பட்டறைக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்களும் நின்றன. மகன்கள் ஆய்கனும் ரிச்சர்டும் கைக்குழந்தைகள். 1877-ல் கடன்காரர்கள் நெருக்கி, பட்டறைக் கருவிகளே கைவிட்டுப் போகும் நிலை. இந்த நேரத்தில் ஒரு மனைவி, போதும், எங்கேயாவது வேலைக்குப் போங்க என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெர்த்தா சொல்லவில்லை. கார்ல் ஒரு டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைத் தயார் செய்து கொண்டிருந்தார். 1879-ம் ஆண்டின் கடைசி இரவு, ஊரே புத்தாண்டுக்குக் காத்திருக்க, இருவரும் பட்டறைக்குப் போய் அதை முடுக்கிப் பார்த்தார்கள். இன்ஜின் நிற்காமல் ஓடியது.

1883-ல் மாக்ஸ் ரோஸ், ஃப்ரீட்ரிஷ் எஸ்லிங்கர் என்ற இரண்டு கூட்டாளிகளோடு பென்ஸ் அண்ட் கோ நிறுவனம் தொடங்கியது. நிலையாக நின்று ஓடும் கேஸ் இன்ஜின்களை விற்றுப் பணம் வந்தது. அந்தத் தெம்பில்தான் கனவு வண்டி உருவானது. 1886 ஜனவரி 29-ல் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார் கார்ல். காப்புரிமை எண் 37435. ஒரே சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சாதாரண ஸ்கூட்டரின் இன்ஜின் இதைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது.

வண்டி ரெடி... வாங்கத்தான் ஆள் இல்லை!

1886 ஜூலை 3-ல் மன்ஹைம் ரிங்ஸ்ட்ராஸேயில் வண்டி பொதுமக்கள் முன்னிலையில் ஓடியது. பத்திரிகையில் செய்தியும் வந்தது. ஆனால் காசு கொடுத்து வாங்க யாரும் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள், வாங்குபவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? குதிரை வண்டி என்றால் எல்லாம் தெரிந்த விஷயம். தீனி எங்கேயும் கிடைக்கும், லாடம் அடிக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. இந்தப் புது இயந்திரத்துக்கு எரிபொருள் எங்கே கிடைக்கும்? நடுவழியில் நின்றால் என்ன செய்வது? ஊருக்குள் நாலு தெரு ஓடியதை வைத்து எப்படி நம்புவது? எலெக்ட்ரிக் கார் வாங்க யோசிப்பவர்கள் சார்ஜிங் ஸ்டேஷன் பற்றிக் கேட்பதும் அச்சு அசல் இதே கவலைதான். நியாயமான கவலையும் கூட.

கார்லுக்கு விற்கத் தெரியாது. திறமையான இன்ஜினியர், ஆனால் எதிலும் திருப்தி வராத ஆள். வண்டியை மாற்றிக்கொண்டே இருந்தார், மாடல் மூன்றுக்கு வந்துவிட்டது. வெளியூர் ஓட்டிக் காட்ட மட்டும் துணியவில்லை. வீட்டுப் பணம், 15 வருஷ உழைப்பு எல்லாம் ஒரு ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. பெர்த்தா ஒரு முடிவுக்கு வந்தார்.

1888 ஆகஸ்ட்... விடியற்காலை

பள்ளி விடுமுறை நேரம். மூத்தவன் ஆய்கனுக்கு 15 வயது, இளையவன் ரிச்சர்டுக்கு 13. அப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருக்க, மூவரும் வண்டியைச் சத்தம் வராமல் தள்ளிக்கொண்டே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் பின்னால் இருந்த பெரிய ஃப்ளைவீலைக் கையால் சுற்றி இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள். போக வேண்டிய இடம், ஃபோர்ட்ஸ்ஹைம். அதாவது அம்மா வீடு. தூரம் சுமார் 104 கிலோமீட்டர்.

ரோடு என்று சொன்னாலும் அது குதிரை வண்டிகளுக்கான ரோடு. சக்கரத் தடம் பதிந்து பள்ளமாகிக் கிடக்கும். குதிரை வண்டி என்றால் இரண்டு பக்கத் தடத்திலும் சக்கரம் உருளும், நடுவில் குதிரை நடக்கும். பென்ஸ் வண்டிக்கு முன்னால் ஒரே சக்கரம்! அது சரியாக அந்த நடுப்பகுதியில் கல்லிலும் மேட்டிலும் ஏறி இறங்கியாக வேண்டும். வழிகாட்டிப் பலகைகளும் பெரிதாகக் கிடையாது.

முதல் பிரச்னை, தண்ணீர். அந்த இன்ஜினில் இன்றைய ரேடியேட்டர் மாதிரி சூட்டை வெளியே தள்ளும் அமைப்பு இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே இன்ஜின் குளிரும். அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். சத்திரம், ஓடை என எங்கே தண்ணீர் கண்ணில் பட்டாலும் பையன்கள் இறங்கி ஓடினார்கள். இன்றைய கார்களில் கூலன்ட் மூடிய அமைப்புக்குள் சுற்றி வருவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கூலன்ட் அளவு மாதா மாதம் குறைகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். சும்மா தண்ணீர் ஊற்றிச் சமாளித்துக்கொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் வரைக்கும் செலவு வைத்துவிடும். முக்கியமாக, இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்தது எரிபொருள். அந்த வண்டிக்குத் தனி டேங்க் கிடையாது. கார்புரேட்டரில் இருக்கும் நாலரை லிட்டர்தான் கையிருப்பு. வீஸ்லோக் என்ற ஊரை அடையும்போது அது காலியாகும் நிலை. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். பெர்த்தா நேராகப் போனது மருந்துக்கடைக்கு. துணியில் படிந்த கறையை நீக்க லிக்ராய்ன் என்ற பெட்ரோலியக் கரைப்பானை அங்கே சின்ன பாட்டிலில் விற்பார்கள். வண்டி ஓடியதும் அதில்தான். கடையில் இருந்த சரக்கை மொத்தமாகக் கேட்ட பெண்ணைப் பார்த்து, கடைக்காரர் என்ன நினைத்திருப்பாரோ. உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்ற பெயர் அந்த மருந்துக்கடைக்குக் கிடைத்தது இப்படித்தான்.

ஊசி, பட்டை, தோல்... நடுரோட்டில் நடந்த சர்வீஸ்

போகப் போக வண்டி இடக்கு பண்ண ஆரம்பித்தது. ஒரு இடத்தில் எரிபொருள் வரும் குழாயில் அடைப்பு. கூட மெக்கானிக் இல்லை, டூல்ஸ் பெட்டியும் பெரிதாக இல்லை. பெர்த்தா தன் தொப்பியில் குத்தியிருந்த நீளமான ஊசியை உருவி, குழாய்க்குள் விட்டு அடைப்பை எடுத்தார். வண்டி மறுபடி கிளம்பியது. ரொம்ப நாள் ஓட்டாமல் போட்டு வைத்த பழைய கார் இழுக்காமல் திக்கித் திக்கி ஓடினால் இன்றைக்கும் மெக்கானிக் பார்க்கும் இடங்களில் ஒன்று ஃபியூயல் ஃபில்டர். அடைப்பு அதே அடைப்புதான்.

இன்னொரு இடத்தில் இக்னிஷன் வயர் உரசி உரசி மேல்தோல் போய்விட்டது. கம்பி வெளியே தெரிந்தால் கரன்ட் வேறு பக்கம் பாயும், ஸ்பார்க் வராது. இதற்கு அவர் எடுத்தது, காலுறை நழுவாமல் இருக்கக் காலில் மாட்டியிருந்த பட்டை. அதைக் கழற்றி வயரில் சுற்றி இன்சுலேஷன் ஆக்கினார். எலி கடித்த வயரில் டேப் சுற்றி ஒப்பேற்றியவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவசரத்துக்குச் சரி, ஆனால் ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்த வயரை மாற்றிவிட வேண்டும் என்பது வேறு விஷயம்.

செயின் நீண்டு தொய்ந்தபோது ஒரு கொல்லர் பட்டறையில் உதவி கேட்டார். மேடு வந்தால் கதை இன்னும் கஷ்டம். இருந்த சக்திக்கு மூன்று பேரைச் சுமந்துகொண்டு ஏற முடியாமல் வண்டி திணறியது. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

ஏறுவதாவது பரவாயில்லை, இறங்குவதுதான் ஆபத்து. அந்த வண்டியின் பிரேக் என்பது சக்கரத்தின் மேல் அழுத்தும் மரக்கட்டை. சரிவில் தொடர்ந்து அழுத்தியதில் மரம் தேய்ந்துகொண்டே போனது. பவுஷ்லோட் என்ற ஊரில் செருப்பு தைப்பவரிடம் போய், அந்தக் கட்டைகளின் மேல் தோல் வைத்துத் தைத்துத் தரச் சொன்னார் பெர்த்தா. நன்றாகக் கவனித்தால், இந்தப் பயணத்திலேயே பெரிய விஷயம் இதுதான். ஊசியும் பட்டையும் சமாளிப்பு. தோல் வைத்தது அப்படி இல்லை. பிரேக்கின் முக்கிய பாகத்தைக் காப்பாற்ற, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு மேல்பரப்பைக் கொடுக்கும் யோசனை அது. பிரேக் லைனிங் என்று நாம் இன்று சொல்வது இதைத்தான். பேட் தேய்ந்து கீச்சென்று சத்தம் கொடுக்கும்போதே மாற்றினால் செலவு பேடோடு முடியும். இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம் என்று தள்ளிப்போட்டால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

பொழுது சாயும் நேரத்தில் மூவரும் ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தார்கள். உடம்பெல்லாம் தூசி, கையெல்லாம் கிரீஸ். பெர்த்தா செய்த முதல் வேலை, பத்திரமாக வந்துவிட்டோம் என்று கணவருக்குத் தந்தி அடித்தது. சில நாள் தங்கிவிட்டு, அதே வண்டியை ஓட்டிக்கொண்டே மன்ஹைம் திரும்பினார்.

கார்ல் என்ன செய்தார்?

கோபப்பட்டாரா, பெருமைப்பட்டாரா என்பதைவிட, அந்தப் பயணத்தில் கிடைத்த தகவலை அவர் என்ன செய்தார் என்பதே முக்கியம். மேட்டில் திணறுகிறது, கூடுதலாக ஒரு கியர் வேண்டும் என்று வீட்டிலிருந்து கோரிக்கை போனது. அது வண்டியில் சேர்ந்தது. பிரேக்கில் தோல் வந்தது. பட்டறையில் பல மாதம் யோசித்தாலும் தெரியாத குறைகள், ஒரே நாள் ரோட்டில் தெரிந்துவிட்டன. கார் கம்பெனிகள் இன்று புது மாடலை விற்பனைக்கு விடும் முன் மலையிலும் பாலைவனத்திலும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிச் சோதிப்பது இதே காரணத்துக்காகத்தான். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டுப் புக்கிங் போடுபவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். டெஸ்ட் டிரைவ் எடுத்தால் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து, ஏசி போட்டு, ஒரு மேம்பாலமாவது ஏறி இறங்கிப் பார்த்தால்தான் வண்டியின் நிஜ முகம் தெரியும்.

அதே 1888-ல் மியூனிக்கில் நடந்த கண்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பாரிஸில் எமில் ரோஜே என்ற ஏஜென்ட் மூலம் பிரான்ஸில் விற்பனை சூடு பிடித்தது. 1894-ல் வந்த வெலோ என்ற சின்ன, விலை குறைந்த மாடல் ஆயிரத்துக்கும் மேல் விற்றது. 1899-ல் மட்டும் 572 கார்கள். அன்றைய தேதிக்கு உலகிலேயே அதிகம் கார் தயாரித்த நிறுவனம் பென்ஸ்தான்.

லாடன்பர்க்கில் கடைசிக் காலம்

வளர்ந்த கம்பெனியில் கார்லுக்குப் பிறகு மரியாதை குறைந்தது. மற்றவர்கள் வேகமான கார்கள் கேட்டார்கள், இவருக்கு அதில் நாட்டமில்லை. 1903-ல் வெளியேறினார். குடும்பம் லாடன்பர்க் என்ற சிறு நகரத்துக்குக் குடிபோனது. அங்கே மகன்களோடு சேர்ந்து தனியாக ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். வீட்டுத் தோட்டத்தில் பழைய கோட்டைக் கோபுரம் மாதிரி ஒரு கார் ஷெட்டும் கட்டினார் கார்ல். கீழே கார், மேலே படிப்பறை.

1926-ல் பென்ஸ் நிறுவனமும், போட்டியாளராக இருந்த டைம்லர் நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. மெர்சிடிஸ்-பென்ஸ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1929 ஏப்ரல் 4-ல் கார்ல் காலமானார். அதற்குப் பிறகு 15 வருஷம் பெர்த்தா அதே வீட்டில் வாழ்ந்தார்.

1944 மே 3. பெர்த்தாவுக்கு 95-வது பிறந்தநாள். கார்ல் படித்த கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரி, அவருக்குக் கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது. இளம்வயதில் அவரால் மாணவியாக நுழையவே முடியாத இடம் அது. இரண்டு நாள் கழித்து, மே 5-ல் பெர்த்தா காலமானார்.

லாடன்பர்க்கில் அந்தக் குடும்பத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடம் இப்போது கார் மியூசியம். 2008-ல், பெர்த்தா போய்வந்த வழி முழுவதும் நினைவுப் பாதையாக அறிவிக்கப்பட்டது. போக வர மொத்தம் சுமார் 194 கிலோமீட்டர். வழியெங்கும் அவர் பெயரில் பலகைகள் இருக்கின்றன. பழைய கார் பிரியர்கள் தங்கள் வண்டிகளை அந்த வழியில் ஓட்டிப் போகிறார்கள். வீஸ்லோக்கில் அந்த மருந்துக்கடை முன்னால் பெர்த்தாவின் பயணத்தைக் காட்டும் நினைவுச்சின்னம் ஒன்றும் நிற்கிறது.